கவுன்ட்டர் குரல்

நியூ ஆர்லியன்ஸ்
திங்கட்கிழமை மத்தியானம்

என் கண்ணு ஆல்டனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அட்லாண்டா ஹாஸ்டலில் நம்மூர் மாதிரி திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸும் சோறும் போடமாட்டார்களாமே, அந்தப் பாவம் அவர்களைச் சும்மா விடாது. இங்கே இன்று உன் ஏர்லீன் பெரியம்மாதான் சமையல். என் பங்கை மட்டும் மிக்சியில் அடித்துக் கூழாக்கித் தந்தாள், தொண்டையில் இறங்க வேண்டுமே. "மூஞ்சியைச் சுளிக்காதடி, பல்லு முளைக்காத காலத்துல இதைத்தான் தின்னே" என்று கேலி வேறு. திருப்பிக் கொடுக்க எனக்கு நாக்கு புரளவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. போனது நாக்குதான், காது நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. இன்ஜினியரிங் பட்டத்தோடு சேர்த்து எடுக்கிற துணைப்பாடம் எதுவென்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டுமாம். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து சங்கீதம், சங்கீதம் என்று குதித்தவன் நீ. இப்போது அதை விட்டுவிட்டுப் பேச்சு அறிவியல் எடுக்கப் போகிறாயாம். "ட்ராம்போனை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? இதைப் படிச்சா உன் குரலை நானே மெஷின்ல சரி பண்ணிடுவேன்" என்றாய். மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு இது நல்ல ஜோடி, வேலைக்கும் உதவும் என்று உங்கள் ஆலோசகர் அம்மாவும் சொன்னாராம். அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. அவருக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான்.

உனக்குப் பதில் சொல்ல, எழுத்தைத் தட்டினால் எனக்காகப் பேசுகிற அந்தப் பெட்டியில் தட்டினேன். "டேய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றுதான் தட்டினேன். அது அதை, "உட்காருங்க சார், டாக்டர் இப்ப வந்துடுவார்" என்பது மாதிரி அவ்வளவு பதவிசாகச் சொன்னது. நீ சிரித்தாய். அதனால்தான் இன்று கையால் எழுதுகிறேன். கை இன்னும் ஓடுகிறது.

அது யார் குற்றமும் இல்லை, ராஜா. போன குளிர்காலத்தில் பேச்சு குழற ஆரம்பித்ததும், குரலைப் பிடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் மைக்கோடு வந்தாள். நான் உதட்டுச் சாயம் பூசி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவள் கொடுத்ததையெல்லாம் படித்தேன். நம் கறுப்பு ஜனத்தில் எல்லோருக்கும் குரல் இரண்டு. வீட்டுக்கும் தெருவுக்கும் ஒன்று, ஆபீசுக்கும் போனுக்கும் ஒன்று. இருபது வருஷம் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு மைக்கைப் பார்த்தால் எது வரும்? கவுன்ட்டர் குரல்தான் வந்தது. பக்கத்தில் இருந்த ஏர்லீனுக்கும் உறைக்கவில்லை, "அழகாப் படிக்கிறேடி" என்றாள். பெட்டி முதன்முதலாகப் பேசியபோதுதான், "யாருடி இந்தப் பொம்பளை?" என்று திடுக்கிட்டாள். திரும்பப் படிக்கலாம் என்றால் அதற்குள் நாக்கு போய்விட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

என் நிஜக் குரல் உனக்குத் தெரியும். மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் உன் பள்ளிக்கூட பேண்டு நடக்க, தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஓரத்தில் கூடவே நடந்து வருவோமே நாங்கள் அம்மாக்கள். "முட்டியைத் தூக்குடா ஆல்டன்! சோறு திங்கலையா?" என்று தெரு முழுக்கக் கத்துவேன். நீ வெட்கப்பட்டு இன்னும் பலமாக ஊதுவாய். பின்னால் வருகிற வாத்தியமெல்லாம் உன் சத்தத்தில் அமுங்கிப் போகும். அந்தக் குரலை நீ செய்து விடுவாய், நீ கெட்டிக்காரன். ஆனால் நீ படித்து, செய்து முடிக்கும்போது அதில் பேசுவது யாரடா? போன வாரம் டாக்டர் பேசும்போது என்னைப் பார்க்காமல் ஏர்லீனைப் பார்த்தே பேசினார். கவுன்ட்டரில் இருந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா?

உன் அப்பாவைக் கொண்டுபோன நாள் ஞாபகம் இருக்கிறது அல்லவா? லைனலின் மகன் வாசிக்கிறான் என்று தெருவே கூடி நின்றது. கல்லறைக்குப் போகிற அந்த மெதுவான பாட்டில், பாதி வழியில் உன் உதடு நடுங்கி, வாத்தியம் அழுத குழந்தை மாதிரி விக்கி நின்றுவிட்டது. பேண்டுக்காரர்கள்தான் உன்னைச் சுற்றி நின்று பாட்டை முடித்தார்கள். திரும்பி வரும்போது ஊரே வேகப் பாட்டுக்கு ஆடியது, நம்மூர்ச் சாவு வழக்கம்போல. நீ மட்டும் ட்ராம்போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாய். "அழுதுக்கிட்டே ஊத முடியலம்மா, அப்பாவை ஏமாத்திட்டேன்" என்று என் மடியில் படுத்துச் சொன்னாய். நீ யாரையும் ஏமாற்றவில்லை. உனக்கு அப்போது பதினாறு வயது.

அதனால் சொல்கிறேன், கேள். வெள்ளிக்கிழமை போய், சங்கீதம் என்றே சொல்லிவிட்டு வா. அழுகை தொண்டைவரை வந்து நிற்கும்போது உதடு ஆடாமல் ஊதுவது எப்படி என்று, முதல் பாடமாக அதையே உங்கள் வாத்தியாரிடம் கேள். மெதுவான பாட்டைத் தினமும் பழகு. வேகப் பாட்டு உனக்குத் தானாக வரும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சீக்கிரம் பழகு கண்ணு, நாள் கடத்தாதே.

கடவுள் உன் மூச்சுக்குத் துணை இருக்கட்டும். முட்டியைத் தூக்கி நட. என்னைக் கொண்டுபோகிற அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் வர ஏர்லீனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கத்தத்தான் அவளுக்கு வராது, நீயே பார்த்துக்கொள்.

உன் அம்மா,
ஓடெட்