விளக்கில்லாத படகும் என் தம்பியும்

பிப்ரவரி 9

இன்றும் அவன் விளக்கு போடவில்லை.

கடைசி நடை, அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை ஆட்கள், பள்ளிக்கூட ஆயா, யாரோ ஒருவருடைய சைக்கிள். நடு ஆற்றில் கறுப்பாக ஏதோ அசைந்தது. மரக்கட்டை என்றுதான் நினைத்தேன். மரக்கட்டை திடீரென்று செல்போன் டார்ச்சைத் தூக்கிக் காட்டி, "அக்கா, நான்தான்!" என்றது.

இன்ஜினை அணைத்துவிட்டு நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னோடு படகில் கயிறு போடுகிறவர் வாயை மூடவே மாட்டார், அதனால் படகுத்துறை முழுக்க அவருக்கு ரேடியோ என்றுதான் பேர். "விடுங்க டிரைவரம்மா, உங்க தம்பிதானே" என்றார். தம்பி என்பதால்தான் விட முடியவில்லை. வேறு யாராவது என்றால் ஒரு புகார் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிப்ரவரி 10

காலையிலேயே அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"லைட்டு போட்டா கண்ணு கூசுதுக்கா. மீனும் ஓடிடுது. நீ வர்றது எனக்கு எவ்வளவு தூரத்துலேர்ந்தே தெரியுது தெரியுமா? உன் படகு சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஜொலிக்குது."

"நீ என்னைப் பாக்கறது இருக்கட்டும்டா. நான் உன்னைப் பாக்க வேண்டாமா?"

"நான்தான் ஒதுங்கிக்கறேனே!"

எப்படி ஒதுங்குவான்? இன்ஜின் நின்றுபோனால்? வலையை இழுக்கக் குனிந்த நேரத்தில் நான் வந்து ஏறிவிட்டால்? இதைத்தான் கேட்டேன். உள்ளே இருந்து அம்மா, "ஏன்டி, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள். விளக்கு போடாதவன் செல்லப்பிள்ளை. போடச் சொன்னவள் வாயாடி. நல்ல நியாயம்.

பிப்ரவரி 11

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்க விளக்கு எது, பின்விளக்கு எது என்று நான் விளக்கி முடிக்கும்போது குறட்டை.

பிப்ரவரி 16

நானே கடைக்குப் போய் வாங்கிவிட்டேன். முன்னால் வைக்க ஒரு சிவப்பு, ஒரு பச்சை, பின்னால் வைக்க ஒரு வெள்ளை, பேட்டரி. கொண்டுபோய் அவன் மடியில் வைத்துப் பாடமும் எடுத்தேன். படகில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எனக்கு உன் படகு தெரியாதுடா, நிறம்தான் தெரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் நீ இடது பக்கமாகப் போகிறாய். பச்சை மட்டும் தெரிந்தால் வலது பக்கமாகப் போகிறாய். இரண்டும் தெரிந்தால் நேராக என்னைப் பார்த்து வருகிறாய். அதை வைத்துத்தான் நான் திருப்புவேன்.

"எனக்கு எல்லாம் தெரியும்க்கா" என்றான். சின்ன வயதிலிருந்தே இதைச் சொல்லித்தான் என் உயிரை வாங்குகிறான்.

பிப்ரவரி 22

விளக்குப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அம்மா அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடியை வைத்திருக்கிறாள்.

மார்ச் 2

அடடா! பகல் நடையில் கரையோரமாகப் போகும்போது பார்த்தேன். அவன் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்திருக்கிறான். பக்கத்தில் நான் வாங்கிக் கொடுத்த பெட்டி திறந்து கிடந்தது. கையில் டிரில்லிங் மிஷின்.

"லைட்டையும் மாட்டிடறேன்க்கா! ஒரே வேலையா முடிஞ்சிடும்!" என்று கத்தினான்.

பேசினதெல்லாம் வீண்போகவில்லை. இன்றைக்கு ஆற்றுக் காற்றுகூட நன்றாக இருந்தது. ரேடியோ ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார், முழுசாகக் கேட்டேன்.

மார்ச் 7

எழுத வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

கடைசி நடை. எதிரே, கொஞ்சம் வலப்பக்கமாக ஒரு சிவப்பு விளக்கு. அவன்தான். மனசு குளிர்ந்தது, உண்மையைச் சொன்னால். சிவப்பு தெரிகிறது, ஆக இடது பக்கமாகப் போகிறான். அவனுக்குப் பின்னால் போய்விடலாம் என்று வலது பக்கம் திருப்பினேன். வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. விளக்குதான் சொல்கிறதே!

பின்னால் போகவில்லை. அவன் மூக்குக்கு நேராகப் போயிருக்கிறேன். அவன் வலது பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறான். "அக்கா!" என்று ஒரே அலறல். ரிவர்ஸ் போட்டேன். படகில் நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் படகின் பக்கவாட்டில் அவன் படகு தேய்த்துக்கொண்டு போகிற சத்தம் — இன்னும் காதில் இருக்கிறது. அவன் தண்ணீரில். எந்தப் பக்கம்? ப்ரொப்பெல்லர் பக்கமா? இன்ஜினை அணைச்சேனா இல்லையா, அதுகூட ஞாபகம் இல்ல. கடவுளே, என் கையாலயே...

ரேடியோ அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை அவர். கரை சேரும்வரை பேசவில்லை.

பள்ளிக்கூட ஆயாவுக்கு முழங்கை எலும்பில் விரிசல். என் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 8

விடிந்ததும் அவன் படகைப் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் சிவப்பு. இடப்பக்கம் பச்சை. அழகாக, இறுக்கமாக, கோணாமல் மாட்டியிருக்கிறான்.

"இடது பக்கம்தான்க்கா சிவப்பு வச்சேன். சத்தியமா. பின்னால நின்னு பாத்துதான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். கவிழ்ந்து கிடந்த படகில் மாட்டியிருக்கிறான். நிமிர்த்தினால் இடது வலதாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் தெரிந்தவனுக்கு!

விளக்கே இல்லாதபோது பயந்து பயந்து மெதுவாக ஓட்டினேன். விளக்கு வந்ததும் நம்பினேன். பொய் சொல்கிற விளக்குக்கு இருட்டே தேவலாம்.

"நீ ஏன்டா ஒதுங்கல?" என்று கேட்டேன். "அதான் லைட்டு போட்டிருக்கேனே, நீயே சுத்திப் போவேன்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "நாலு ஸ்க்ரூதானே, நாளைக்கு மாத்திடறேன்" என்றான். நாலு ஸ்க்ரூவாம்.

மார்ச் 11

மாற்றவில்லை. கழற்றி வைத்துவிட்டான். இன்று மறுபடியும் கறுப்பாக, மரக்கட்டை மாதிரி, நடு ஆற்றில். கேட்டால், "ஒயர் எட்டலக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

முடியல. என்னால முடியல.

மார்ச் 12

படகுத்துறை அதிகாரியிடம் போனேன். ஆயாவின் கை பற்றி எப்படியும் அறிக்கை கொடுக்க வேண்டும். அதோடு அவன் படகு நம்பரையும் சொன்னேன்.

"உங்க தம்பியாமே?" என்றார்.

"ஆமா சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா அப்புறம் அடிக்க முடியாது."

"எழுதிக்கோங்க சார்."

மத்தியானமே வந்து, சோதனை முடியும்வரை எடுக்கக் கூடாது என்று படகைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மார்ச் 13

அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கூடப்பொறந்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"

"நானே அவன் மேல ஏத்திக் கொன்னிருந்தா அப்ப என்னம்மா சொல்லியிருப்ப?"

அம்மா திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ? வேறெப்படிக் கேட்பது? எத்தனை விதமாகத்தான் சொல்வது? அவள் போனபிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு மட்டும் அவன் தம்பி இல்லையா?

மார்ச் 17

துறையில் எதிரே வந்தான். என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். போகட்டும். சுவரையாவது பார்க்க உயிரோடு இருக்கிறான்.

மார்ச் 24

ரேடியோ தகவல்: சோதனை முடிந்து படகை விட்டுவிட்டார்கள். நான் போன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 27

கடைசி நடை. நடு ஆற்றில் இரண்டு விளக்குகள் ஒன்றாகத் தெரிந்தன. என் இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. நேராக என்னைப் பார்த்து வருகிறான். இப்படி வந்தால் இரண்டு பேரும் அவரவர் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அந்த விளக்கை நம்பலாமா? வேகத்தைக் குறைத்தேன். ஆனது ஆகட்டும் என்று வலது பக்கம் திருப்பினேன்.

பச்சை மெதுவாக மறைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. அவனும் அவன் வலது பக்கம் திருப்பிவிட்டான்.

நல்ல இடைவெளி விட்டு, என் இடப்பக்கமாகக் கடந்து போனான். அவன் சிவப்பு என்னைப் பார்த்து, என் சிவப்பு அவனைப் பார்த்து. முகம் தெரியவில்லை. பிறகு பின்னால் வெள்ளை விளக்கு ஒன்று தெரிந்தது, அதுவும் சின்னதாகிக்கொண்டே போனது.

"ஒரு வார்த்தை பேசலியே உங்க தம்பி" என்றார் ரேடியோ.

நான் வேகத்தைக் கூட்டினேன். ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு நல்ல பசி.