குலவைக்கு வராத நாக்கு

1961 மார்ச் 9, நாரணாபுரம்

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையின் வேலை இது. குழந்தை இறந்த பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததே, அது இந்த மாத்திரை போட்ட பிறகுதான் நின்றது. அந்தச் சத்தத்துக்கு இந்த வறட்சி எவ்வளவோ மேல். ஊருக்கு மட்டும் இது ரத்தம் ஊறுகிற மாத்திரை. அத்தை அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாத்தனார் வீரலட்சுமிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

மார்ச் 17

இவர் பட்டாசு லோடுடன் சாத்தூர் போனால் சீரணி மிட்டாய் இல்லாமல் திரும்புவதில்லை. "வாயில அடக்கிக்கோ, எச்சி ஊறும்" என்கிறார். ஊறத்தான் செய்கிறது. வகுப்பிலும் கன்னத்தில் ஒரு துண்டு, படுக்கையிலும் ஒரு துண்டு. பெண்டாட்டிக்குப் பூ வாங்கிவர வெட்கப்படுகிற மனிதர், மிட்டாய்ப் பொட்டலத்தை மட்டும் தெருவே பார்க்கத் தூக்கி வருகிறார்.

ஏப்ரல் 4

கடைவாயில் வலி. கிராம்பு வைத்தேன்.

ஏப்ரல் 21

வீரலட்சுமிக்கு அச்சங்குளத்தில் பேசி முடித்தாயிற்று. வைகாசி இருபத்தைந்தில் கல்யாணம். சந்தோஷம்தான், கூடவே ஒரு பயம். எங்கள் வகையறாவில் தாலி ஏறும்போது முதல் குலவையை வீட்டு மூத்த மருமகள் போடவேண்டும். அதன்பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். குலவைக்கு நாக்கு மீனாகத் துள்ளவேண்டும், என்னுடையது கருவாடு. மாட்டுக்கொட்டிலில் போய்ப் போட்டுப் பார்த்தேன். வெறும் காற்று வந்தது. பசு திரும்பிப் பார்த்தது.

அத்தையும் பார்த்துவிட்டார்கள். "கல்யாணம் முடியிற மட்டும் அந்த மாத்திரைய நிப்பாட்டு தாயி. அம்புட்டுப் பொம்பளைகளும் உன் வாயத்தான் பாப்பாளுக." அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள்.

ஏப்ரல் 29

நிறுத்திவிட்டேன். இவருக்குத் தெரியாது.

மே 8

வாயில் ஈரம் வந்துவிட்டது. தூக்கம் போய்விட்டது.

மே 11

கிணற்றடிக்கே போகவில்லை. ஆனாலும் கூப்பிடுகிற மாதிரி — இல்லை, காற்றுத்தான். காத்துதானா? பயமாருக்கு. சொல்லிறணும்னு தோணுச்சு, இவர்ட்ட சொல்லிட்டேன்.

திட்டவில்லை. மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை சொம்போடு பக்கத்திலேயே நின்றார். "குலவ போட ஊருல ஆயிரம் பேரு இருக்காக. எனக்கு நீ ஒருத்திதான இருக்கே" என்றார். இவருக்கு இப்படியெல்லாம் பேச வருமென்று இன்றைக்குத்தான் தெரியும். அழுதுகொண்டே இருந்தேன்.

மே 19

கன்னம் வீங்கிவிட்டது. விருதுநகர் பல் டாக்டரிடம் போனோம். அத்தையும் வந்தார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லய்யா" என்றார்கள். இவர் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து காட்டினேன். மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு பற்களைப் பிடுங்கினார். நாற்காலியைவிட்டு எழுந்தேன் — அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சுவரோரம் நின்று நடுங்கினார்கள். ஒளித்தது போதும் என்று தோன்றியது. வாயில் வைத்த பஞ்சோடு, "மனசு சரியில்லாததுக்கு மாத்திரை சாப்பிடுறேங்க" என்றேன். வாய் காய்வதையும், அதற்கு மிட்டாய் அடக்கிக்கொள்வதையும் சொன்னேன்.

முதலிலேயே சொல்லக்கூடாதா என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுமாம். ஊசியையும் அதைத் தெரிந்துகொண்டுதான் போடவேண்டுமாம். பிறகு குரல் தணிந்து, "எச்சில் இல்லாத வாயில மிட்டாய அடக்கி வச்சா பல்லு என்னம்மா செய்யும்? அதை விடுங்க. தண்ணியக் கொஞ்சங்கொஞ்சமாக் குடிங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. மதுரை டாக்டருகிட்ட வாய் காயுறதைச் சொல்லுங்க" என்றார்.

மிட்டாய் என்றதும் இவர் முகம் செத்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க ஆசையா வாங்கியாந்தீக, நான் ஆசையாத் தின்னேன். இதுல யாரக் குத்தம் சொல்ல?" என்றேன். பிறகுதான் திரும்பினார்.

மே 24

அத்தை என்னோடு பேசுவதில்லை. ஆனால் நான் உட்காருகிற இடத்திலெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது.

ஜூன் 7

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

விடிந்ததிலிருந்து ஓட்டம், மாத்திரையை மறந்தே போனேன். முகூர்த்த நேரம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஆவுடை, மனசுக்குப் போடுற மாத்திர இன்னைக்குப் போட்டியா?"

குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. பந்தலே திரும்பியது. தாலி இன்னும் ஏறவில்லை. "இல்லத்தே" என்றேன்.

மடியிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். நான் விழுங்கியதும் சம்பந்தியம்மாளைப் பார்த்து, "எம் மருமகளுக்கு அந்த மாத்திர போட்டா நாக்கு ஒட்டிக்கிடும். மொதக் குலவைய அவளுக்காக நான் போடுறேன்" என்றார்கள்.

சம்பந்தியம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜமுக்காளத்தில் நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். கெட்டிமேளம் கொட்டியது. அத்தையின் குலவை உடைந்துதான் வந்தது, பாதியிலேயே அழுதுவிட்டார்கள். மீதியை எல்லோரும் சேர்ந்து போட்டார்கள்.