இடது கன்னத்தின் வெள்ளை

12-2-1937, வெள்ளி

தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் தீர்ந்தது. கடைசிச் சேலையையும் அறுத்துக் கொடுத்துவிட்டேன். காலையிலிருந்து வாய் எரிகிறது. சாலம்மாளிடம் சொன்னேன். இருபது வருஷமாக எனக்கொன்று, தனக்கொன்று என்று வெற்றிலை மடிக்கிற பெண்டாட்டி. அவளுக்குத் தெரியாத வாயா? "சுண்ணாம்பு பொத்திருச்சுங்க. இனிமே கம்மியாத் தடவறேன்" என்றாள். சுண்ணாம்பு குறைந்தால் காரம் போதாதே என்று எனக்குப் புகையிலையைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கொடுத்தாள். என்ன கரிசனம்!

தறிக்குழியில் இறங்கிவிட்டால் கையும் காலும் ஓயாது. வாய் மட்டும் சும்மா கிடக்கும். அதற்குத்தான் இடது கன்னத்தில் அந்தப் புகையிலை உருண்டை. பொழுது சாயும்வரை அங்கேயே அடங்கியிருக்கும்.

3-3-1937

எரிச்சல் போகவில்லை. கண்ணாடியை வெயிலில் பிடித்து வாய்க்குள் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்புறம், நாலணாக் காசு அகலத்துக்கு ஒரு வெள்ளை. சுண்ணாம்புதான் ஒட்டியிருக்கிறதென்று துணியால் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். ரத்தம் வந்ததே தவிர வெள்ளை போகவில்லை. மூன்று வாரமாகச் சுண்ணாம்பு தொட்டும் தொடாமலும்தான். பிறகு எப்படி?

5-3-1937

பக்கத்துத் தறிக்காரன் சென்னிமலையிடம் வாயைத் திறந்து காட்டினேன். அவன் முகம் சுண்டிவிட்டது. "எங்கண்ணனுக்கு இப்படித்தானுங்க மாமா ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றான். அவன் அண்ணன் வாயில் புற்று வந்து, கஞ்சிகூட இறங்காமல் போய்ச் சேர்ந்தவன். வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டி அனுப்பினேன். அப்புறம் எனக்கே சோறு இறங்கவில்லை.

9-3-1937, செவ்வாய்

ராசிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் சேலம். சாலம்மாளும் கூடவே கிளம்பிவிட்டாள். டாக்டர் பாலசுந்தரத்துக்குச் சின்ன வயசுதான். விளக்கடித்து வாய்க்குள் பார்த்தார். கழுத்தில் கட்டி ஏதும் உண்டா என்று தடவினார். உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று அந்த இடத்தையே உரசிக்கொண்டிருக்கிறதாம். அதைப் பிடுங்க வேண்டும் என்றார்.

"என்ன போடுவீங்க?"

"வெத்தலை பாக்குங்க."

"அவ்வளவுதானா?"

சாலம்மாள் சொல்லிவிட்டாள். "பொகையிலைங்க சாமி. மடிச்சுக் குடுக்கறவ நான்தானுங்க. சுண்ணாம்பைக் கொறச்சு அதைக் கூட்டினவளும் நான்தானுங்க." அங்கேயே அழுதாள். எனக்குக் கோபம் பாதி, வெட்கம் பாதி.

"சுண்ணாம்பு பொத்தினது சீக்கிரம் ஆறிடும்மா. இது புகையிலை பண்ற வேலை. புற்றா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது" என்றார். ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார். பல்லும் போயிற்று. அந்த வெள்ளையில் அரிசியளவு சதையும் போயிற்று. அதைச் சீசாவில் போட்டு மதராஸுக்கு அனுப்பிச் சோதிப்பார்களாம். பதில் வர மூன்று வாரம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், புகையிலையும் பாக்கும் கூடவே கூடாது.

14-3-1937

ஐந்தாம் நாள். தலை வலிக்கிறது. இழை அறுந்தால் தறியையே உதைக்கத் தோன்றுகிறது. இன்று சாலம்மாள்மீது எரிந்து விழுந்தேன். அவளும் திருப்பிக் கத்தினாள். அவளுக்கும் தலைவலியாம். கஷ்டப்படுகிறவன் நான், தலைவலி இவளுக்கா!

22-3-1937

பயமா இருக்கு. வேற என்னத்தை எழுத.

31-3-1937, புதன்

பதில் வந்துவிட்டது. டாக்டர் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். அதற்குள் என் வேட்டி நனையாதது என் அதிர்ஷ்டம்.

"புற்று ஆகலை. ஆனா சதை மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டா ஆகலாம். இப்பவே அந்த இடத்தை எடுத்துடறேன்."

எடுத்துவிட்டார். ஐந்து தையல். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். பேசக் கூடாதாம். எழுதக் கூடாதென்று சொல்லவில்லை.

3-4-1937

சாலம்மாள் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். சூடே இல்லை. இருந்தும் ஊதி ஊதிக் கொடுத்தாள்.

6-7-1937

முதல் பரிசோதனை. தையல் போட்ட இடம் கொஞ்சம் இழுக்கிறது, வெள்ளை இல்லை. அது மறுபடி வரலாமாம், அதனால் மூன்று மாதத்துக்கொரு தடவை காட்டச் சொல்கிறார். காட்டுகிறேன்.

5-10-1937, செவ்வாய்

இன்றைக்கும் வெள்ளை இல்லை. "நல்லாச் சிவப்பா ஆறியிருக்கு. புகையிலையை விட்டதுதான் பெரிய வைத்தியம்" என்று டாக்டர் மெச்சினார். சும்மா விடுவேனா! நான் பட்ட பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சாலம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் போடற ஆள்தானேம்மா? உக்காருங்க, பாத்துடலாம்."

உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சுத்தமாக இருந்தது.

"எப்ப விட்டீங்க?"

"மொதத் தடவை வந்துட்டுப் போன அன்னைக்கேதானுங்க. ஊட்டுக்குப் போனதும் வெத்தலைப் பொட்டியைக் கழுவிக் கவுத்துட்டனுங்க."

ஏழு மாதம். ஒரே வீடு. அவள் வாய் சிவக்காததை நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லவேயில்லை?"

"சொன்னா, 'நீ போட்டுக்க, நான் சமாளிச்சுக்கறேன்'ம்பீங்க. அப்புறம் ஊட்டுல பொகையிலை இருக்கும். ஒரு நாளில்லாட்டி ஒரு நாள் எடுத்திருப்பீங்க. நீங்க இருக்கோணுமில்லீங்க எனக்கு?"

ஜனவரியில் வரச்சொல்லி டாக்டர் இரண்டு பேருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் சாலம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.