தொட்டியில் கிடந்த தீவனப் பை

உமாதேவி அப்பாவுக்கு,

கூடலூர் தீவன குடோனில் இன்றைக்கு லோடு வருது, போயே ஆகணும். மாடு இன்னும் அசை போடவில்லை. மாட்டு டாக்டர் காலையில் வருவார். அதுவரை அதுக்கு எதுவும் வைக்காதீங்க. உங்களுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

தீவன மூட்டை வாயை அரிவாளால் அறுத்தால் நூல் துண்டு தீவனத்தில் விழும், தையல் நூலை முழுசா உருவுங்கன்னு சொன்னேன். "நூலு என்னடி செஞ்சிரும்"னு சிரிச்சீங்க. இப்போது நீங்க தீவனத்தோடு தொட்டியில் கொட்டிய பிளாஸ்டிக் உள்பையிலும் பாதியைக் காணோம்.

இனி நாமே பாத்திரம் கொண்டுபோனால் குடோனில் சாக்கு இல்லாமலே தீவனம் அளந்து தர்றாகளாம். தண்ணி டிரம்மை எடுத்துப் போகிறேன்.

சுப்புத்தாய்

டாக்டர் கேட்டால் கௌரவம் பார்த்து, "துண்டு நூலுதான்"னு சொல்லிராதீங்க. பிளாஸ்டிக்கும் உள்ளே போயிருக்குன்னு சொல்லுங்க. அது சினை மாடு. சொன்னால் நான் உங்களைத் திட்ட மாட்டேன்.