வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

புன்தா செகா
4 மே 1997

அன்புள்ள எவெலியோ,

மூன்று பேருந்து மாறி, இரண்டு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்தே வந்து சேர்ந்தேன். என்னை அழைத்துப் போக வந்த அக்கா நொஹெமி முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி வந்து, "என்னடி இது, மூஞ்சி இப்படி உப்பிக் கெடக்கு, கண்ணைக் காணோம்?" என்றாள். நம் கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்த முகத்தையே பதினொரு வருடம் கழித்தும் தேடியிருக்கிறாள்.

நான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்துத் தோட்டத்து அபெலார்தோ ஊரெல்லாம் சொல்வார். தைராய்டு மருந்து எத்தனை கூட்டியும் கேட்கவில்லை, இரண்டு மாதம் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்து பார் என்று மருத்துவர்தான் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

மூன்று நாளைக்குக் காராமணி வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் உங்கள் சமர்த்து. அக்கா வீட்டுக்காரர் படகோடு கடலில் இருக்கிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இன்று பகல் முழுக்கத் தூங்கினேன்.

நூற்றைம்பது மைக்ரோகிராம் மாத்திரை இரண்டு டப்பா எடுத்து வந்திருக்கிறேன். கவலை வேண்டாம்.

உங்கள்
லுடிவியா


எல் ஹிகேரோன்
25 மே 1997

அன்புள்ள லுடிவியா,

கடிதம் பேருந்து ஓட்டுநர் கையில் பத்து நாள் கிடந்து வந்து சேர்ந்தது. நீங்கள் நலம் என்று தெரிந்தது, அது போதும். கோழிகள் நலம். மேட்டுத் தோட்டத்தில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. காராமணி இரண்டாம் நாளே தீர்ந்தது. அதன் பிறகு முட்டை, நேற்று முட்டை, இன்றும் முட்டை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து, நம் தோட்டத்துக் காப்பிக் கொட்டையை அரைத்து, வெல்லம் போட்டு, கை பழகிய பழக்கத்தில் இரண்டு கோப்பை கடுங்காப்பி கலந்துவிடுகிறேன். உங்கள் மாத்திரை டப்பாவை எடுக்க அலமாரியில் கையை விடும்போதுதான் கட்டிலில் ஆள் இல்லை என்று உறைக்கிறது. மாத்திரையும் காப்பியும் கொண்டுவந்து தலைமாட்டில் வைக்கும் அந்த வேலையை ஏழு வருடத்தில் ஒரு நாள் யாரிடமும் விட்டதில்லை அல்லவா. இப்போது இரண்டாவது கோப்பையையும் நானே குடித்துவிட்டு, பகலெல்லாம் படபடவென்று திரிகிறேன்.

அபெலார்தோவிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "அடுப்படிக்கு லீவா? எங்க வீட்டுக்காரி காதுல விழாமப் பேசுய்யா" என்றார்.

அக்டோபர் பன்னிரண்டில் அறுவடை தொடங்கும். இந்த முறை பறிக்க இருபத்திரண்டு பேர். அதற்குள் திரும்பிவிடுவீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

உங்கள்
எவெலியோ


புன்தா செகா
29 ஜூன் 1997

அன்புள்ள எவெலியோ,

இரண்டு மாதம் முடியப்போகிறது. உள்ளதை எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாகிவிட்டது.

முதலில் கடலோர வெக்கையால்தான் குளிர் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை. சீப்பில் முடி வருவதில்லை. முகத்து வீக்கம் வடிந்து, மோதிரம் விரலில் சுற்றுகிறது. மாதவிலக்கு பதினைந்து நாள் ஓடி என்னைச் சக்கையாக்கும் அல்லவா, இந்த மாதம் ஐந்தே நாளில் நின்றது. உங்களிடம் இதை எழுத வெட்கப்பட்டு இரண்டு தாளைக் கிழித்தேன். அப்புறம், அந்தத் துணிகளைத் துவைக்கத் தண்ணீர் சுமந்து கொடுத்தவரே நீங்கள்தானே என்று தோன்றியது.

இங்கே வாழ்க்கை பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா ஐந்து மணிக்குப் படகுத்துறைக்குப் போகும்போது எழுப்பிவிடுவாள். ஒரு குவளைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு முற்றம் பெருக்குவேன். அவள் மீனோடு ஏழு மணிக்குத் திரும்பிய பிறகுதான் அடுப்பே எரியும். பொரித்த மீன், வாழைக்காய், முட்டை என்று வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். சாப்பாட்டுக்கு எப்போதும் உட்காருகிறோம். நின்றுகொண்டு சாப்பிட்டால், "குதிரையா நீ? உக்காந்து தின்னு" என்கிறாள்.

நேற்று நான் சிரித்த சத்தம் கேட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று வெளியே வந்து பார்த்தாள்.

இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா? துறையில் அவளுக்கு மீன் எடைபோடக் கூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

உங்கள்
லுடிவியா


எல் ஹிகேரோன்
20 ஜூலை 1997

லுடிவியா,

நீங்கள் நலமானது மகிழ்ச்சி. உண்மையாகவே மகிழ்ச்சி. தேவாலயத்தில் மெழுகுவத்தியும் ஏற்றினேன்.

ஆனால் கடிதம் வந்த அன்று முதல் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதே மாத்திரை. அதே அளவு. அதே நீங்கள். இங்கே ஏழு வருடம் அது கேட்கவில்லை, அங்கே எட்டு வாரத்தில் கேட்டுவிட்டது. நடுவில் மாறியது என்ன? நான் இல்லை, அவ்வளவுதான்.

அபெலார்தோவிடம் வாயை விட்டேன், என் தப்பு. "கடல் காத்து ஒண்ணும் இல்லப்பா. நீ இல்லாத காத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் குடிப்பவன் இல்லை. கை நீட்டியதில்லை. பேசத் தெரியாது, அது ஒன்றுதான் குறை என்று நினைத்திருந்தேன். கூடப் படுத்திருந்தே ஒருத்தியை நோயாளியாக்கும் மனிதர்கள் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நேராகக் கேட்கிறேன். என்னால்தானா?

எவெலியோ


புன்தா செகா
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள எவெலியோ,

உங்களால் என்று நினைக்கவே வேண்டாம். அபெலார்தோ பேச்சைக் கேட்டு ஊரில் யார் உருப்பட்டார்கள்?

எனக்கும் இங்கே எல்லாம் நேராகப் போகவில்லை. மாதத் தொடக்கத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை நடுங்கித் தராசு முள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. இங்குள்ள மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்து இப்போது அளவுக்கு மேல் போகிறது என்று நூற்றைம்பதைப் பாதியாக்கிவிட்டார். ஒரு வாரமாக நடுக்கம் குறைந்து வருகிறது.

வியாழக்கிழமைகளில் துறையில் ஒரு நர்ஸ் வந்து பெண்களிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள். இரத்தச் சோகைக்குப் பருப்பு சாப்பிட்டால் எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டுமாம். சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேராதாம். முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "மொதல்ல புருசன் தின்னு, அப்புறம் புள்ள தின்னு, சட்டி வழிச்சதுதான் எனக்கு. அதுல எலுமிச்ச புழிஞ்சா என்ன, புழியாட்டி என்ன?" என்றாள். நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து, வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் பேசுகிறாள்.

அறுவடைக்கு வருவதைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

உங்கள்
லுடிவியா


எல் ஹிகேரோன்
21 செப்டம்பர் 1997

என் லுடிவியா,

இன்று தோட்டத்துக்குப் போகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்றுத் தடுப்பூசி போட சுகாதார நிலையத்து நர்ஸ் மேலே வந்தார். உங்களை விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எங்கிட்ட என்ன கொறன்னு தெரியலம்மா, ஏழு வருசம் ஒரு நாள் விடாம மாத்திரைய என் கையால குடுத்தேன்" என்றேன். "எதுல முழுங்குவாங்க?" என்று கேட்டார். "காப்பியிலதான், சூடா" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் காப்பி ஆகாதாம். காப்பியோடு போனால் அதில் பாதி உடம்பில் ஒட்டுவதில்லையாம். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போக, நான் காப்பியைக் கலந்துகொண்டே இருந்திருக்கிறேன். இந்த மலையில் தண்ணீரை யார் தண்ணீராகக் குடிக்கிறார்கள்? மருத்துவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது மாத்திரைக்கு முன்னால். இரண்டாவது போனது அப்புறம். அதைப் பற்றியும் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாது, எவெலியோ. அதத் தலையில ஏத்திக்காதீங்க" என்றார். ஏற்றிக்கொள்ளாமல் எப்படி இருப்பது என்று அவர் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஆனால் லுடிவியா, அழுது முடித்த பிறகு ஒன்று புரிந்தது. காரணம் நான் இல்லை. காப்பிதான். இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. இனி நீங்கள் எங்கே இருந்தாலும் நலமாக இருக்கலாம், இங்கேயும் இருக்கலாம். தலைமாட்டில் தண்ணீர்க் குடுவை வைத்திருக்கிறேன். பருப்பு வேகவைக்கவும் கற்றுக்கொண்டேன், முதல் நாள் சட்டியோடு கருகியது, இப்போது வாயில் வைக்க முடிகிறது. நீங்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலியும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி அறுவடை. ஐந்தாம் தேதி கிளம்பினால் போதும். பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன்.

என்றும் உங்கள்
எவெலியோ


புன்தா செகா
1 அக்டோபர் 1997

அன்புள்ள எவெலியோ,

கடிதத்தைத் துறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு அக்காவிடம் தராசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

காப்பி விஷயம் எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். மருந்தைப் பாதியாக்கிய அன்று, அதுவரை எப்படிச் சாப்பிட்டேன் என்று இங்குள்ள மருத்துவரும் கேட்டார். உங்களுக்கு நான் எழுதவில்லை. அந்த இரண்டாவது பிள்ளையை உங்கள் தலையில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. அதை நானே சுமந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்களே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். ஏழு வருடம் ஒரு நாள் தவறாமல் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்த கணவன் அந்த மலையில் வேறு எவளுக்கும் இல்லை. இதில் மன்னிக்க ஒன்றும் இல்லை.

எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரணம் தெரியாதவரை நான் இங்கே இருக்கலாம். தெரிந்துவிட்டால் திரும்பி வர வேண்டும்.

அந்த ஏழு வருடமும் மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் என் குறைகளையெல்லாம் ஒப்பிப்பேன். குளிர்கிறது. முடி கொட்டுகிறது. மூச்சு வாங்குகிறது. அறுவடைக்கு வரும் இருபது பேருக்குச் சமைக்க வேண்டும் என்று நினைத்தால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. கணவர் தோட்டத்திலிருந்து வரும் சத்தம் கேட்டால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவர் எல்லாவற்றையும் தைராய்டு என்று ஒரே தாளில் எழுதிக்கொள்வார். நானும் அப்படித்தான் நம்பினேன், நம்பியது வசதியாகவும் இருந்தது. இப்போது தைராய்டு சரியாகிவிட்டது. மூன்று இரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்று. மற்ற எல்லாம் போய்விட்டன. கடைசி இரண்டும் போகவில்லை.

இது உங்கள் குற்றம் இல்லை, என் குற்றமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களை மதிக்கிறேன். ஆனால் வர மாட்டேன். அறுவடைக்கும் வர மாட்டேன், அதற்கு அப்புறமும் வர மாட்டேன். ஐந்தாம் தேதிக்குள் இது உங்கள் கையில் சேர வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன். நிறுத்தத்தில் போய் நிற்காதீர்கள்.

சமையலுக்கு ஆற்றங்கரை வீட்டு மரியெலாவைக் கூப்பிடுங்கள். கை சுத்தம், கணக்கு சுத்தம். இருபத்திரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ காராமணி என்று சொல்லுங்கள். அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. அவள் சாப்பிட்ட பிறகு ஆட்களுக்கு மணி அடிக்கட்டும்.

லுடிவியா