பத்து நிமிடம் முந்தியே இருக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், தலைதான் குழம்பிக் கிடக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தை, எங்கள் கம்பெனி எழுதும் கெர்னல் என்ற அடித்தள மென்பொருள் ஒரு மணி நேரம் குறைத்துப் படித்தது. திருத்தினேன். மறுநாள் அதை வாங்கிய ஓர் ஆலையில் சாப்பாட்டுச் சங்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஊதிவிட்டது! சங்கை இயக்கும் பழைய புரோகிராம் அந்தத் தவறுக்கு ஈடாக ஒரு மணி நேரம் கூட்டியே பழகியதாம்.

"கெர்னலுக்கு மேல ஓடுற புரோகிராம் நம்மால கெடக்கூடாதுப்பா. தப்பைப் பழையபடியே வை," என்றார் மேலாளர். வைத்தேன். எது சரி என்றே விளங்கவில்லை.

பத்து நிமிடம் முந்தி ஓடும் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தச் சொல்லிச் சண்டை போட்டேனே, வேண்டாம். பேட்டரி மாற்றினாலும் அப்படியே முந்தி வை. இங்கே சரியான கடிகாரத்தைப் பார்த்தும் வீட்டுப் பழக்கத்தில் பத்து நிமிடம் கழித்துக்கொண்டு இரண்டு நாள் பஸ்ஸை விட்டேன்.

இதோ, இன்றும் ஓட வேண்டும்.

உன் மகன்