கைப்பிடிச் சுவர்மேல் ஆறு தொட்டிகள்

ஜூன் 9, 1996, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. பாளையங்கோட்டையில் இருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியவே இல்லை.

புது வீட்டு மாடிக்கு ஆறு சிமெண்ட் தொட்டி வந்து இறங்கியது. இடுப்பு உயரம். அடி குறுகல், வாய் அகலம். மாடியில் தோட்டம் போடப் போவதாக என் வீட்டுக்காரர் ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. அத்தனை மண்ணைத் தளம் தாங்காது என்று எஞ்சினியர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு இவர் கண்டுபிடித்த வழி தெர்மாகோல். டி.வி. கடை நண்பர் கொடுத்தது, சாக்குச் சாக்காக. உடைத்து உடைத்துப் பாதித் தொட்டிக்கு மேல் நிரப்பினார்.

“மேல மண்ணப் போட்டு மூடிட்டா ஆருக்குத் தெரியப் போகுது?”

வெள்ளை மணிகள் வீடெல்லாம். சேலையில், தலையில், தயிரில்கூட. தட்டினாலும் போவதில்லை. துவரம்பருப்பு வாங்கணும். ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள் திருத்தல் பாக்கி.

ஜூன் 16, ஞாயிறு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தோட்டத்து வண்டல். ஈரம், நல்ல கனம். செடிகளும் வந்தன. நாலு அலங்காரப் பனை, ஆள் உயரம். இரண்டு காகிதப்பூ.

தொட்டிகளைத் தளத்தில் வைப்பார் என்று நினைத்தேன். கிழக்குக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக ஏற்றிவிட்டார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். சுவருக்குக் கீழே எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள முடுக்கு.

பார்க்க அழகுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 22, சனி

தண்ணீர் ஊற்றப் போனேன். பழுத்த ஓலையைக் கிள்ளக் கையை ஊன்றினேன், தொட்டி ஆடியது. பார்வைக்கு இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய தொட்டி. அடியில் கனமே இல்லை, மேலே ஈர மண், அதற்கு மேலே செடி. உள்ளே நறநற என்று தெர்மாகோல் உரசும் சத்தம். பல் கூசியது.

இவரிடம் சொன்னேன்.

“இது என்ன பேப்பரா, பறந்து போக? ஏளா, ஒனக்கு எதப் பாத்தாலும் பயம்.”

ஜூன் 27, வியாழன்

காற்று ஆரம்பித்துவிட்டது. கொடியில் துணி நிற்கவில்லை. பள்ளியில் ஜன்னல் கண்ணாடி ஒன்று போயிற்று.

அடுத்த வீட்டு ஜெசிந்தா முடுக்கில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மணப்பாட்டுப் பெண். புருஷன் அந்தோணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. எட்டாம் மாதம் அவளுக்கு. அம்மா கொடுத்துவிட்ட மீனைக் காயப்போட்டுவிட்டு, காக்கை வராமல் எங்கள் சுவரோரம் நிழலில் காவல். சரியாகத் தொட்டிகளுக்கு நேர் கீழே.

மேற்குக் காற்று. செடிகள் எல்லாம் முடுக்குப் பக்கம்தான் சாய்கின்றன.

ஜூன் 29, சனி

சொல்லிவிட்டேன். சொன்னது வினையாகிவிட்டது.

“ஜெசிந்தா, அங்கன உக்காராதம்மா. மேல தொட்டி ஆடுது. விழுந்துரும்.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய தொட்டி விழுமாக்கா? மீன் வாட ஒங்களுக்கு ஆகலன்னா நேராச் சொல்லுங்க. நீங்க சைவம்னு எனக்குத் தெரியாதா?”

“சத்தியமா அதுக்கில்ல. உள்ள பாதி தெர்மாகோல்.”

“தொட்டிக்குள்ள ஏன்க்கா தெர்மாகோல் வைக்கப் போறாங்க?”

சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. கேட்கக் கேட்க எனக்கே பொய் மாதிரிதான் இருந்தது. மீன் வாடை எனக்கு ஆகாது என்பதும் நிஜம். அதனால்தான் மேலே வற்புறுத்தாமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

ஜெசிந்தா முகம் கொடுப்பதில்லை. இன்று வேண்டுமென்றே சுவரை ஒட்டிப் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

தொட்டியைக் கீழே இறக்கச் சொல்லி இவரிடம் சண்டை. “ஞாயித்துக்கிழம மேனேஜர் குடும்பத்தோட வாராரு. அவரு பாத்துட்டுப் போகட்டும், பெறவு எறக்குதேன்.” நானே ஒரு தொட்டியைத் தளத்துக்கு இழுக்கப் பார்த்தேன். அது என் பக்கம் வராமல் அந்தப் பக்கம் சரிந்தது. பயந்து விட்டுவிட்டேன். மண் உள்ளே இறங்கி நடுவில் குழி.

இரவெல்லாம் மேலே நறநற. இவர் குறட்டை.

ஜெ. திங்கட்கிழமை பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாளாம். பால்காரர் சொன்னார். அதுவரை தொட்டி விழாமல் நிற்கட்டும்.

ஜூலை 6, சனி

எழுத முடியவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

மதியம். அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு சத்தம். பிறகு அவள் சத்தம்.

ஓடினேன். தொட்டி சுக்கல் சுக்கலாக. பனை அவள்மேல் குறுக்கே. வலது கால், முழங்காலுக்குக் கீழே, பார்க்கக்கூடாத மாதிரி. முடுக்கு முழுக்க வெள்ளை மணிகள் பறந்தன. அவள் முகத்தில், வயிற்றில், மீன்மேல், ரத்தத்தில் ஒட்டி. கையைப் பிடித்துக்கொண்டேன். “பிள்ள, பிள்ள” என்று மட்டும் சொன்னாள்.

எதிர்வீட்டுக்காரர் கார். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி. சாயங்காலமே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. சின்னஞ்சிறிசு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது முடுக்கு சுத்தமாக இருந்தது. இவர் துடைப்பத்தோடு. பக்கத்தில் சாக்கு, வாய் கட்டியிருந்தது. தெர்மாகோல் ஒரு துண்டுகூடத் தரையில் இல்லை.

“காத்துக்கு ஆரு என்ன செய்ய முடியும்?” என்றார் என்னிடம். நான் எதுவுமே கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மேனேஜர் வரவில்லை. அந்தோணி வந்தார். கண் சிவந்து, சட்டையெல்லாம் கறை. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். பைய்யத்தான் கேட்டார்.

“சார், இம்புட்டுக் கனமான தொட்டி எப்பிடி விழுந்துச்சு?”

“காத்துதான், வேறென்ன. நேத்து ஊர்ல எத்தன மரம் சாஞ்சிருக்கு...”

“அடியில பூரா தெர்மாகோல்ண்ணே,” என்றேன். “கனமே கெடையாது.”

இவர் என்னைப் பார்த்த பார்வை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

அந்தோணி நேராக மாடிக்குப் போனார். முதல் தொட்டியை அணைத்துத் தூக்கினார். இரண்டு ஆள் கனத்தை எதிர்பார்த்த கை, தொட்டியோடு தடுமாறிப் பின்னால் போயிற்று. அப்படியே நின்றார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தளத்தில் இறக்கினார். இவர் மாடிப்படியிலேயே நின்றார். உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

போகும்போது அந்தோணி யாரையும் பார்க்கவில்லை.

ஜூலை 10, புதன்

பள்ளிக்கு லீவு. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி, வெந்நீர், பழைய துணி. இவர் பேசிப் பல நாள் ஆன மாதிரி இருக்கிறது.

ஜெ. காலில் கட்டு. குழந்தையை இன்னும் அவளிடம் காட்டவில்லை. எடை ஏறவில்லையாம். ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

அவள் தலையைச் சீவிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அம்மா பழம் வாங்க வெளியே போனதும் கேட்டாள்.

“அக்கா, ஒங்களுக்கு நெசமாவே தெரிஞ்சிருக்கு.”

“ஆமா.”

“நாந்தான் நம்பல. கோவத்துல உக்காந்தேன். நீங்க எறங்கி வந்து என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்லா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நர்ஸ் வந்து, வாசலில் நின்ற அந்தோணியைக் கூப்பிட்டாள். குழந்தை அறைக்கு, உடனே. அவர் ஓடினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் யாரும் வரவில்லை.